ஊக்கமருந்து எடுத்தவரிடம் தோற்றீர்களா? பதக்கத்தையும் பணத்தையும் மீட்க ஒரு முழு வழிகாட்டி

ஊக்கமருந்து வழக்கில் இரண்டே தரப்புதான். ஒன்று குற்றம் சாட்டும் அமைப்பு, இன்னொன்று மாட்டிக்கொண்ட வீரர். அந்த வீரரிடம் தோற்று, வெள்ளியோடோ வெறுங்கையோடோ ஊர் திரும்பியவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. விசாரணை தொடங்கிவிட்டது என்று அவருக்கு யாரும் கடிதம் போடுவதில்லை. தீர்ப்பு வந்ததைச் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்ட வீரர்களும் உண்டு.

இந்த வழிகாட்டி அந்த நாற்காலி இல்லாதவருக்கானது. வழக்காட உரிமை உள்ளவர்கள் சர்வதேச சம்மேளனம், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா போன்ற சிலர்தான். அவர்களைக் கெடு முடிவதற்குள் எழுந்து நடக்க வைப்பது உங்கள் வேலை. கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் அந்த ஒரு வேலையின் பகுதிகள். தடகளத்திலிருந்து உதாரணங்கள் அதிகம் வரும். விதிகளின் அடிப்படை மற்ற விளையாட்டுகளுக்கும் ஒன்றுதான், எல்லாமே வாடாவின் விதித்தொகுப்பிலிருந்து கிளைத்தவை.

1. முதலில் உங்கள் காகிதங்கள்

போட்டி முடிந்த வாரத்திலேயே செய்ய வேண்டியது இது. அதிகாரபூர்வ முடிவுப் பட்டியல், தகுதிச்சுற்று முதல் இறுதிவரை நேரங்கள், பரிசுத்தொகை எவ்வளவு என்று அறிவித்த அறிக்கை, உங்கள் கையில் வந்த தொகைக்கான வங்கிச் சான்று, ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் இடத்துக்கு ஏற்ப போனஸ் இருந்தால் அந்தப் பக்கம். அப்புறம், தங்கம் வென்றவருக்கு அரசு என்ன அறிவித்தது, உங்களுக்கு என்ன தந்தது என்பதற்கான அரசாணை அல்லது பத்திரிகைக் குறிப்பு.

இதெல்லாம் எதற்கு என்று இப்போது தோன்றும். பத்து வருடம் கழித்து வழக்கு திறக்கும்போது போட்டி அமைப்புக்குழுவே கலைந்திருக்கும், வலைத்தளம் மூடியிருக்கும். அப்போது உங்கள் வீட்டு பீரோவில் இருப்பதுதான் ஆவணம்.

2. சந்தேகம் மட்டும் இருக்கும் நிலையில்

மைதானத்தில் கொடுக்கும் ஆட்சேபணை இதற்கு உதவாது. தடகளத்தில் முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபணை தரலாம். ஆனால் அது தடம் மாறி ஓடியது, இடித்தது போன்ற விஷயங்களுக்கு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்பு 4×400 தொடர் ஓட்டம் முடிந்ததும், பஹ்ரைன் வீராங்கனை ஹிமா தாஸின் வழியை மறித்தார் என்று இந்தியா ஆட்சேபித்தது, அது தள்ளுபடி ஆனது. அதே பஹ்ரைன் அணி பின்னால் ஊக்கமருந்து வழக்கில் தங்கத்தை இழந்தது. அந்தக் கதைக்கு மறுபடி வருகிறேன்.

சந்தேகத்தைத் தகவலாக மாற்றி, உரிய இடத்தில் கொடுங்கள். தடகளம் என்றால் மொனாக்கோவில் உள்ள தடகள நேர்மைப் பிரிவு. 2017-ல் உலகத் தடகள அமைப்பு தன்னிடமிருந்து தனியே பிரித்து உருவாக்கியது. என் கணக்கில் இந்தத் துறையில் உருப்படியாக வேலை செய்யும் அமைப்பு இதுதான். பல விளையாட்டுகளுக்கு லோசானில் உள்ள சர்வதேசப் பரிசோதனை முகமை. இந்தியாவுக்குள் என்றால் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா. வாடாவும் ‘ஸ்பீக் அப்’ என்ற பெயரில் ரகசியத் தகவல் தளம் நடத்துகிறது.

“திடீரென்று மூன்று வினாடி குறைத்துவிட்டாள்” என்பது ஆதாரம் ஆகாது. ஆனாலும் எழுதுங்கள், யாரை எப்போது சோதிப்பது என்று முடிவெடுக்க அது உதவும். அதைவிட மதிப்புள்ளவை: எந்த முகாம், எந்தத் தேதி, யார் ஊசி வாங்கி வந்தார், மருந்துக்கடை எது, சோதனை அதிகாரிகள் வந்தால் யார் காணாமல் போகிறார். நீங்களே பையைத் திறந்து பார்ப்பது, அறைக்குள் புகுவது எல்லாம் வேண்டாம். கேஸ் உங்கள் மேல் திரும்பும். தகவல் தந்தவரை மிரட்டுவதும் பழிவாங்குவதும் 2021 விதித்தொகுப்பின்படி தனிக் குற்றம். பயிற்சியாளர் மிரட்டினால் அதையும் புகாரில் சேருங்கள்.

சமூக வலைத்தளத்தில் பெயர் போட்டு எழுதும் ஆசை வரும். தீர்ப்பு வரும்வரை அடக்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் அவதூறு இன்னும் குற்றவியல் வழக்குதான், பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு.

3. வழக்கு நடக்கும் காலம்

‘ஏ’ மாதிரி, அதே மாதிரியின் இரண்டாவது குப்பியான ‘பி’ மாதிரி, தற்காலிகத் தடை, விசாரணை என்று மாதக்கணக்கில் போகும். சும்மா இருந்துவிடாதீர்கள், பட்டியல்களைப் பின்தொடருங்கள். தடகள நேர்மைப் பிரிவு தற்காலிகத் தடைகளையும் முழுத் தீர்ப்புகளையும் தன் தளத்தில் போடுகிறது. நாடாவும் ஒழுங்குக் குழுவின் தீர்ப்புகளை வெளியிடுகிறது.

இந்தியாவில் இந்தக் கண்காணிப்பு சும்மா ஒரு முன்னெச்சரிக்கை என்று நினைக்க வேண்டாம். வாடாவின் 2023 கணக்கில் இந்தியா சோதித்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது, அதாவது 3.8 சதவீதம். ஐயாயிரத்துக்கு மேல் மாதிரி சோதித்த நாடுகளில் அதுதான் அதிகம். தேசியப் போட்டியில் நான்காவதாக வந்தவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தக் காலத்தில் உங்கள் மாநிலச் சங்கத்துக்கும் தேசிய சம்மேளனத்துக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். இன்ன போட்டியில் இன்ன இடம் பெற்றவன் நான், இன்னாருடைய வழக்கின் முடிவு என் இடத்தைப் பாதிக்கும், தீர்ப்பு வந்தால் எனக்குத் தெரிவிக்கவும், சர்வதேச சம்மேளனத்திடம் முழுத் தீர்ப்பைக் கேட்டு வாங்கவும் என்று. அரைப்பக்கம் போதும். ஒப்புகைச் சீட்டோடு பதிவுத்தபால், கூடவே மின்னஞ்சல். பின்னால் “எங்களுக்குத் தெரியாதே” என்று யாரும் சொல்ல முடியாது.

4. தீர்ப்பில் படிக்க வேண்டியது தேதிகளை

எல்லோரும் “நான்கு ஆண்டு தடை” என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அந்த வரியால் பயனில்லை. அவர் இனிமேல் ஓடுவாரா மாட்டாரா என்பது அவர் பிரச்சினை. நீங்கள் தேட வேண்டியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அவருடைய முடிவுகள் ரத்து என்ற வரி.

விதி என்ன சொல்கிறது? போட்டியில் எடுத்த மாதிரியில் மருந்து இருந்தால் அந்தப் போட்டி முடிவு தானாகவே போகும். அத்தோடு, மாதிரி எடுத்த நாளிலிருந்து தடை தொடங்கும் நாள்வரை அவர் கலந்துகொண்ட மற்றப் போட்டிகளின் முடிவுகளும் போகும், நியாயம் வேறுவிதமாகக் கோரினால் ஒழிய. கடைசியில் இருக்கும் அந்த விதிவிலக்குதான் ஓட்டை. பாதிக்கப்பட்டவர் இல்லாத அறையில் நியாயம் யாருக்காகக் கோரப்படும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

நீளம் தாண்டுதல் வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜ் 2005-ல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப்போட்டியில் 6.75 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். தங்கம் ரஷ்யாவின் தத்யானா கோடோவாவுக்கு. கோடோவா மாட்டியது மொனாக்கோ மாதிரியில் இல்லை; அதற்கு முந்தைய மாதம் ஹெல்சின்கி உலகப் போட்டியில் எடுத்து உறைய வைத்திருந்த மாதிரியை எட்டு வருடம் கழித்து மறுசோதனை செய்தபோதுதான். ஹெல்சின்கிக்குப் பிறகு அவர் எடுத்த முடிவுகள் ரத்தானபோது மொனாக்கோவும் அதில் விழுந்தது. 2014-ல் அஞ்சு தங்கத்துக்கு உயர்த்தப்பட்டார். ஆகவே, “என் போட்டியில் அவர் மாட்டவில்லையே” என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு முந்தைய மாதிரி எது என்று பாருங்கள்.

எதிர்மறை உதாரணம் ஆஸ்திரேலியாவின் ஜாரட் டாலன்ட். 2012 லண்டனில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ரஷ்யாவின் செர்கேய் கிர்த்யாப்கினுக்குப் பின்னால் இரண்டாவது வந்தார். வீரரின் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதியும் ரத்தப் பதிவேட்டில் கிர்த்யாப்கினுக்குப் பல ஆண்டுகளாகச் சந்தேகத்துக்குரிய ஏற்ற இறக்கம் இருந்தது. ரஷ்யாவின் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2015-ல் அவருக்குத் தடை போட்டது, முடிவுகளையும் ரத்து செய்தது. ஆனால் துண்டு துண்டாக. இந்த இரண்டு மாதம் ரத்து, அந்த இரண்டு மாதம் ரத்து என்று தேதிகளைப் பொறுக்கியதில் லண்டன் ஒலிம்பிக் மட்டும் சுத்தமாகத் தப்பிவிட்டது! தடை பெற்றவர், ஒலிம்பிக் தங்கத்தோடு வீட்டில் இருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் கடுமையான தீர்ப்பு. தேதிகளைப் படித்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது.

5. மேல்முறையீடு

டாலன்ட் தானாக மேல்முறையீடு செய்திருக்க முடியாது. விதித்தொகுப்பு அந்த உரிமையைத் தருவது தண்டிக்கப்பட்ட வீரர், வழக்கின் மற்ற தரப்பு, சர்வதேச சம்மேளனம், தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, ஒலிம்பிக் தொடர்புள்ள வழக்கில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அப்புறம் வாடா ஆகியோருக்கு. கூட ஓடியவர் அந்தப் பட்டியலில் இல்லை. டாலன்ட் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, வெளிப்படையாகப் பேசினார். சர்வதேசத் தடகள சம்மேளனம் அந்தத் தேதிப் பொறுக்கலை எதிர்த்து லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 மார்ச்சில் நீதிமன்றம், 2009 ஆகஸ்டிலிருந்து 2012 அக்டோபர்வரை எல்லா முடிவுகளும் ரத்து என்றது. அந்த ஜூனில் மெல்போர்னில் டாலன்டுக்குத் தங்கம் கிடைத்தது.

கெடு பொதுவாக 21 நாள். வாடாவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் அவகாசம்: மற்றவர்களின் கெடு முடிந்த பிறகு 21 நாள், அல்லது முழுக் கோப்பு கைக்கு வந்த பிறகு 21 நாள், இதில் எது பிந்தியதோ அது. எனவே தீர்ப்பு வெளியான முதல் வாரத்திலேயே உங்கள் கடிதம் சர்வதேச சம்மேளனத்துக்கும் வாடாவுக்கும் போய்ச் சேர வேண்டும். நேரடியாகவும் அனுப்பலாம், தேசிய சம்மேளனம் வழியாகவும் அனுப்பலாம், இரண்டையும் செய்யுங்கள். கடிதத்தில் கோபத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். தீர்ப்பின் எந்தப் பத்தி, ரத்தாகாமல் விடப்பட்ட போட்டி எது, அதில் உங்கள் இடம், மாதிரித் தேதிக்கும் போட்டித் தேதிக்கும் இடைவெளி எவ்வளவு, மேல்முறையீடு செய்யக் கோருகிறேன். அவ்வளவுதான்.

தேசிய ஒலிம்பிக் சங்கம் வீரருக்காக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கனடா முன்மாதிரி. 2002 சால்ட் லேக் சிட்டியில் பெக்கி ஸ்காட் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்றார். முன்னால் வந்த இரண்டு ரஷ்ய வீராங்கனைகளும் அதே ஒலிம்பிக்கின் பிந்தைய நாட்களில் சிக்கினார்கள். ஆனால் முந்தைய பந்தயத்தின் பதக்கங்களைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தொடவில்லை. கனடா ஒலிம்பிக் கமிட்டி ஸ்காட்டையும் சேர்த்துக்கொண்டு, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மீதே நடுவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2003 டிசம்பரில் தீர்ப்பு. வெண்கலம் முதலில் வெள்ளியாகி, 2004-ல் தங்கமானது. நம் சங்கங்கள் இப்படி ஒரு வழக்கைத் தொடுக்குமா என்று கேட்காதீர்கள், கேட்க வேண்டியது அவர்களிடம்தான், எழுத்தில்.

யாருமே மேல்முறையீடு செய்யாவிட்டால்? 2021 ஜனவரியில் 23 சீன நீச்சல் வீரர்களின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட இதய மருந்தான டிரைமெட்டாசிடின் இருந்தது. ஓட்டல் சமையலறையிலிருந்து கலந்துவிட்டது என்ற விளக்கத்தைச் சீன அமைப்பு ஏற்று வழக்கே போடவில்லை, வாடாவும் மேல்முறையீடு செய்யவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்களோடு நீந்தியவர்களுக்கு விஷயம் தெரிந்ததே 2024 ஏப்ரலில், பத்திரிகைகள் வழியாக. விளக்கம் சரியா தவறா என்பது ஒரு பக்கம். எதிர்த்துக் கேட்க ஒரு வாய்ப்புகூட மற்ற வீரர்களுக்கு இருக்கவில்லை என்பது இந்த விதிகளின் பெரிய குறை, அதை யாராவது திருத்த வேண்டும்.

6. எட்டு ஆண்டு, பத்து ஆண்டு

பழைய விதிப்படி குற்றம் நடந்து எட்டு ஆண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். 2015 விதித்தொகுப்பு அதைப் பத்தாக்கியது. மாதிரிகளைப் பத்து ஆண்டுவரை வைத்திருந்து புதிய கருவிகளால் மறுசோதனை செய்யலாம்.

இந்தக் கெடு எவ்வளவு இரக்கமற்றது என்பதற்கும் அஞ்சுவே சாட்சி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 மீட்டர் தாண்டி ஆறாவது இடம். ஐந்தாவது வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸின் முடிவு ஊக்கமருந்தால் ரத்தானதும் ஐந்தாவது. முதல் மூன்று இடங்களும் ரஷ்யாவுக்கு. அதில் கோடோவா 2005 மாதிரியில் சிக்கினார், தத்யானா லெபெதேவா 2008 பெய்ஜிங் மாதிரியில் சிக்கினார். மருந்து எடுத்தவர்கள் என்று பிற்காலத்தில் நிரூபணமானவர்கள்தான், ஆனால் ஏதென்ஸ் முடிவு மாறவில்லை. ரத்து என்பது மாதிரி எடுத்த நாளிலிருந்து முன்னோக்கித்தான் போகும், பின்னோக்கி வராது. ஏதென்ஸ் மாதிரிகளைத் திறக்கும் கெடுவும் 2012-ல் முடிந்துவிட்டது. மொனாக்கோ கிடைத்தது, ஒலிம்பிக் கைநழுவியது.

அதே ஏதென்ஸில் குண்டு எறிதலில் அமெரிக்காவின் ஆடம் நெல்சனும் உக்ரைனின் யூரி பிலோனோக்கும் 21.16 மீட்டர் எறிந்து சமமாக நின்றார்கள். அடுத்த சிறந்த எறிதலை வைத்துத் தங்கம் பிலோனோக்குக்குப் போனது. 2012-ல் கெடு முடியும் தருவாயில் எடுத்த மறுசோதனையில் பிலோனோக்கின் மாதிரி சிக்கியது. சில வாரம் தவறியிருந்தால் நெல்சன் இன்றும் வெள்ளிக்காரர்தான்.

நீங்கள் செய்யக்கூடியது இது: உங்கள் போட்டி நடந்து ஏழாவது, எட்டாவது ஆண்டு வரும்போது, அந்த இறுதிப்போட்டியின் மாதிரிகளை மறுசோதனை செய்யச் சொல்லி சர்வதேச சம்மேளனத்துக்கு எழுதுங்கள். முன்னால் வந்தவர் வேறு போட்டியில் ஏற்கெனவே மாட்டியிருந்தால் அந்தத் தகவலையும் இணையுங்கள். மறுசோதனை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆனால் எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது காரணத்தோடு வந்த கடிதம் கணக்கில் வரும்.

7. பதக்கம் தானாக மேலேறி வராது

முதலிடம் காலியானால் இரண்டாவது வந்தவர் ஏறிவிடுவார் என்று நினைப்பது இயல்பு. மரியன் ஜோன்ஸ் மருந்து எடுத்ததை 2007-ல் ஒப்புக்கொண்டு 2000 சிட்னி ஒலிம்பிக் பதக்கங்களைத் திருப்பித் தந்தார். 2009 டிசம்பரில்தான் ஒலிம்பிக் கமிட்டி அவற்றைப் பங்கிட்டது. 200 மீட்டரில் பஹாமாஸின் பாலின் டேவிஸ்-தாம்சனுக்குத் தங்கம், இலங்கையின் சுசந்திகா ஜெயசிங்கவுக்கு வெண்கலத்திலிருந்து வெள்ளி. 100 மீட்டரில் கதை வேறு. இரண்டாவது வந்த கிரேக்கத்தின் கதரினா தானூ 2004-ல் சோதனைக்கு வராமல் சிக்கலில் மாட்டியவர். அவருக்குத் தங்கம் தர மறுத்துவிட்டார்கள். அந்தத் தங்கம் இன்றுவரை காலி.

ஒலிம்பிக் கமிட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிவு செய்கிறது, அதுவும் எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகே. மல்யுத்த வீரர் யோகேஷ்வர் தத் 2012-ல் வென்ற வெண்கலம் வெள்ளியாகும் என்று 2016-ல் செய்தி பரவியது. மறுசோதனையில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட, வெள்ளி வென்ற ரஷ்யாவின் பெசிக் குதுகோவ் 2013-லேயே சாலை விபத்தில் இறந்துவிட்டார். இறந்தவர் மீது வழக்கு நடத்த முடியாமல் அது மூடப்பட்டது. பதக்கம் அவர் குடும்பத்திடமே இருக்கட்டும் என்று யோகேஷ்வரும் சொல்லியிருந்தார்.

ரிலேயும் குழுப் போட்டியும் தனிச் சிக்கல். ஒருவர் மாட்டினால் அணி மொத்தமும் போகும் என்பது இப்போதைய தடகள விதி. சக வீரர் நெஸ்டா கார்ட்டரால் உசேன் போல்ட் 2008 தொடர் ஓட்டத் தங்கத்தை இழந்தது அப்படித்தான். ஆனால் 2000-ல் அந்த விதி எழுத்தில் இல்லை, அதனால் ஜோன்ஸின் ரிலே தோழிகள் 2010-ல் நடுவர் நீதிமன்றத்தில் வென்று பதக்கங்களை வைத்துக்கொண்டார்கள். போட்டி நடந்த வருடத்து விதிப்புத்தகத்தைத் தேடி எடுங்கள், இன்றைய விதியை வைத்து வாதாடினால் தோற்பீர்கள். 2022 பெய்ஜிங் குழுச் சறுக்கு நடனத்தில் காமிலா வலியேவாவின் புள்ளிகளை மட்டும் கழித்தார்கள். மற்றவர்களை ஒரு படி ஏற்றிப் புள்ளி தரவில்லை. ரஷ்யா 54 புள்ளியோடு வெண்கலத்தில் நின்றது, கனடாவுக்கு 53. கனடா நீதிமன்றம் போய் 2024-ல் தோற்றது.

ஜகார்த்தா கதைக்கு வருவோம். பஹ்ரைனின் கெமி அடெகோயா நான்கு ஆண்டு தடை பெற்றார், ஆசிய விளையாட்டு முடிவுகள் ரத்து. 2020 ஜூலையில் முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் நால்வரின் வெள்ளி தங்கமானது. அடெகோயா வென்ற 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவது வந்த அனு ராகவனுக்கு வெண்கலம். ஒரே தீர்ப்பு, இரண்டு போட்டிகள். மாட்டியவர் வேறு எந்தெந்தப் போட்டியில் கலந்துகொண்டார் என்றும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அரையிறுதியோடு வெளியேறியவருக்கு மட்டும் இதில் மருந்தே இல்லை. ஒன்பதாவது வந்து இறுதிப்போட்டியை இழந்தவருக்காக யாரும் இன்னொரு முறை பந்தயம் நடத்தப்போவதில்லை. பட்டியலில் உங்கள் இடம் திருத்தப்படும். வேலை, உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு அந்தத் திருத்திய பட்டியலின் சான்றை வாங்கி வையுங்கள்.

8. விழாவைக் கேட்டு வாங்குங்கள்

நெல்சன் தன் ஒலிம்பிக் தங்கத்தை 2013-ல் அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடத்தில், ஒரு பர்கர் கடை முன்னால் வாங்கினார். அந்த மாதிரி அவமானங்கள் பேசப்பட்ட பிறகுதான் ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் ஆறு தெரிவுகளை வகுத்தது: அடுத்த ஒலிம்பிக், இளையோர் ஒலிம்பிக், லோசானில் தலைமையகம் அல்லது ஒலிம்பிக் அருங்காட்சியகம், தேசிய ஒலிம்பிக் சங்க விழா, சர்வதேச சம்மேளன நிகழ்ச்சி, அல்லது தனிப்பட்ட விழா. தேர்வு வீரருடையது. லாஷிண்டா டீமஸ் 2012 லண்டனில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 0.07 வினாடியில் தங்கத்தைத் தவறவிட்டவர். நடாலியா அந்த்யுக்கின் முடிவு 2022-ல் ரத்தானது. டீமஸ் 2024 ஆகஸ்டில் பாரிஸில், கூட்டத்தின் முன்னால் தங்கம் வாங்கினார். “தபாலில் அனுப்பிவிடுகிறோம்” என்று உங்கள் சங்கம் சொன்னால் இந்த ஆறையும் சொல்லிக் காட்டுங்கள்.

9. பணம்

பதக்கத்தைவிடக் கடினம் இது. மீட்ட பரிசுத்தொகையை உரியவருக்குப் பகிர்ந்தளிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று 2021 விதித்தொகுப்பு சொல்கிறது. “மீட்ட” என்ற சொல்லில்தான் சிக்கல். 2014 பாஸ்டன் மாரத்தானில் ரீட்டா ஜெப்டூ தகுதி இழந்ததால் எத்தியோப்பியாவின் புசுனேஷ் டேபா வெற்றியாளர் ஆனார். முதல் பரிசு 1,50,000 டாலர், அவர் வாங்கியிருந்தது 75,000. ஜெப்டூவிடமிருந்து வசூலானால் தருவோம் என்றார்கள். வருடங்கள் ஓடின. கடைசியில் 2024-ல், சம்பந்தமே இல்லாத ஒரு தனிமனிதர் செய்தியைப் படித்துவிட்டுத் தன் பையிலிருந்து 75,000 டாலர் கொடுத்தார்.

ஆகவே போட்டி அமைப்பாளருக்கு எழுதும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: அவருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டதா, நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? கொடுத்தாகிவிட்டது என்றால் மீட்க என்ன செய்தீர்கள்?

இந்திய வீரருக்குப் பெரிய தொகை அரசிடம்தான். மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் ரொக்கப் பரிசுத் திட்டத்தில் ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கு 30 லட்சம், வெள்ளிக்கு 20, வெண்கலத்துக்கு 10 லட்சம். மாநில அரசின் பரிசு தனி. திருத்திய முடிவுப் பட்டியல், சர்வதேச சம்மேளனத்தின் கடிதம், முன்பு வாங்கிய தொகைக்கான சான்று மூன்றையும் இணைத்து வித்தியாசத் தொகைக்கு விண்ணப்பியுங்கள். வீரர் ஓய்வூதியம், ரயில்வே அல்லது ராணுவத்தில் பதவி உயர்வு இவையும் பதக்கத்தின் நிறத்தைப் பொறுத்தவை. மேலதிகாரிக்குத் தனிக் கடிதம் போடுங்கள். கோப்பு நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அரசு அலுவலகம் சம்பந்தப்பட்டது என்பதால் இந்த ஒரு இடத்தில் கோர்ட் உங்களுக்கு நேரடியாகத் திறந்திருக்கிறது.

மருந்து எடுத்தவர் மீதே இழப்பீட்டு வழக்குப் போடலாமா? விதித்தொகுப்பு தடுக்கவில்லை, அந்த உரிமை உண்டு என்றே அதன் குறிப்பு சொல்கிறது. நடைமுறையில் அவர் வேறு நாட்டில், சொத்து எங்கே என்று தெரியாமல், வக்கீல் கட்டணம் பரிசைத் தாண்டிப் போகும். அமெரிக்கா 2020-ல் கொண்டுவந்த ரொட்சென்கோவ் சட்டம் வேறு பாதை. மருந்து சப்ளை செய்யும் கும்பலுக்குப் பத்து ஆண்டுவரை சிறை, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு. அமெரிக்க வீரர்கள் கலந்துகொள்வதோடு, அமெரிக்கப் பணத் தொடர்போ ஒளிபரப்புத் தொடர்போ உள்ள சர்வதேசப் போட்டிகள் அதற்குள் வரும். இந்தியாவின் 2022 ஊக்கமருந்து தடுப்புச் சட்டத்தில் தோற்றவருக்கான இழப்பீடு என்று எதுவும் இல்லை.

10. உங்கள் குப்பியும் அங்கேதான் இருக்கிறது

உயர்த்தப்படுகிறவரின் பழைய மாதிரியும் கிடங்கில் உண்டு, அவருடைய வரலாறும் பார்க்கப்படும். 2012 பளு தூக்குதல் 94 கிலோ பிரிவில் முதல் நான்கு பேர், அப்புறம் ஆறாவது, ஏழாவது என்று வரிசையாக விழுந்ததில் ஐந்தாவது வந்த ஈரானின் சயீத் முகமதுபூருக்குத் தங்கமும், ஒன்பதாவது வந்த போலந்தின் டோமாஸ் ஜெலின்ஸ்கிக்கு வெண்கலமும் வந்தன. அதே ஜெலின்ஸ்கி 2016 ரியோவில் மருந்தில் சிக்கியவர். லெபெதேவா இழந்த 2008 வெள்ளியைப் பெற்ற நைஜீரியாவின் பிளெஸ்ஸிங் ஒகாக்பரே 2022-ல் பத்து ஆண்டு தடை வாங்கினார்.

நம் பக்கமும் இது நடந்திருக்கிறது. 2019 தோகா ஆசியத் தடகளத்தில் கோமதி மாரிமுத்துவின் 800 மீட்டர் தங்கத்தைத் தமிழ்நாடே கொண்டாடியது. தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டான நாண்ட்ரோலோன் வழக்கில் அவருக்கு நான்கு ஆண்டு தடை, தெரிந்து எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். அந்தத் தங்கத்துக்கு உரியவரானவர் சீனாவின் வாங் சுன்யு. நாம் அப்போது அந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூட மாட்டோம்.

ஆகவே கோரிக்கைக் கோப்பு தொடங்கும்போதே உங்களுக்கும் ஒரு கோப்பு போடுங்கள். வாங்கிய புரோட்டீன் டப்பாவின் பேட்ச் எண், ரசீது, டாக்டர் சீட்டு, மருந்துக்கான சிகிச்சை விலக்கு அனுமதி, சோதனைப் படிவத்தின் நகல், எல்லாம் தேதிவாரியாக. சோதனைக்கு எங்கே கிடைப்பீர்கள் என்ற இருப்பிடத் தகவலைத் தர வேண்டிய பட்டியலில் இருந்தால் அதைத் தவறாமல் நிரப்புங்கள். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல், மருந்தே எடுக்காவிட்டாலும்.